மகளுக்குக் கோலில் நிற்கப் பயம்: கிட் வாங்கிக் கொடுத்தால் தீருமா?

2024 மே 6, கேள்வி

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். மகளுக்கு 13 வயது. வகுப்பிலேயே உயரம் என்பதால் பள்ளி ஹாக்கி அணியில் கோல்கீப்பராக நிறுத்தியிருக்கிறார்கள். பந்து வேகமாக வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பயிற்சியாளர் 'தைரியம் போதாது' என்கிறார். சொந்தமாக ஒரு கிட், அதாவது கோல்கீப்பர் கவச செட், வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா, பணம் வீணாகுமா? கோலில் நின்ற அண்ணாச்சிமார் யாராவது சொல்லுங்கள்.

மே 6, இரவு

நான் 1983 முதல் ஆறு ஆண்டு கோலில் நின்றவன். அப்போது கோவில்பட்டி நெல்லை மாவட்டத்துக்குள் இருந்தது. 1986 அக்டோபரில்தான் தூத்துக்குடி மாவட்டமாகப் பிரிந்தது. இப்போது நெல்லை சிந்துபூந்துறையில் பை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளின் கால் பேட், பாதத்தின்மேல் மாட்டும் கிக்கர் பிய்ந்தால் என்னிடம்தான் தைக்கக் கொண்டுவருகிறார்கள்.

இப்போதைக்குக் கிட் வாங்காதீர்கள். தைரியம் பழகப் பழக வரும். டென்னிஸ் பந்தை மெதுவாக எறிந்து, அது பேட்டில் படும்வரை பந்தைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். தினம் ஐம்பது பந்து போதும்.

மே 7, காலை

நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இரவு முழுக்க மனம் கேட்கவில்லை.

நானும் ஒரு பருவம் முழுக்க முகத்தைத் திருப்பியவன். எங்கள் பள்ளியில் இருந்தது பிரம்பு வைத்துத் தைத்த கான்வாஸ் பேட். நெஞ்சுக் காப்பு என்று ஒன்று கிடையாது. ஒருநாள் பந்து கழுத்தெலும்பை உரசிக்கொண்டு போனது. எலும்பு முறியவில்லை, ஆனால் ஒரு வாரம் சட்டை போட முடியவில்லை. அதற்குப் பிறகு பந்து இடுப்புக்கு மேல் எழும்பினாலே என் தலை தானாகத் திரும்பிவிடும். என்னைப் பற்றியும் 'தைரியம் போதாது' என்றுதான் சொன்னார்கள்.

அப்பா தையல்காரர். ஒன்றும் பேசாமல் பழைய தலையணையைப் பிரித்து, இலவம்பஞ்சைத் தட்டையாக அடுக்கி, காக்கித் துணிக்குள் கட்டம் கட்டமாகத் தையல் ஓட்டி, தோளில் கட்ட நாடாவும் வைத்துக் கொடுத்தார். இன்றைய நெஞ்சுக் காப்புக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் பத்தாம் நாள் என் தலை திரும்புவது நின்றுவிட்டது. நான் வீரனாக மாறிவிடவில்லை. அங்கே அடிபட்டால் வலிக்காது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் பிள்ளையைப் பார்க்காதீர்கள், கிட்டைப் பாருங்கள். பள்ளியில் அவள் அணிகிற எல்லாவற்றையும் தரையில் பரப்பி ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அணிந்துகொண்டு நிற்கும் படம் இன்னொன்று.

மே 9

படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டும் இடதுகால் கிக்கர்.

வேறு வேறு செட்டிலிருந்து வந்தவை. ஒன்று நீலம், ஒன்று வெளுத்துப்போன சிவப்பு. சாக்கில் இருந்து எடுத்துக் கொடுத்தவர் நிறத்தைத்தான் பார்த்திருப்பார். கிக்கரின் உள்பக்கச் சுவர் தடிப்பாக இருக்கும், ஏனென்றால் பந்தை அந்தப் பக்கத்தால்தான் தள்ளுகிறோம். பக்கிள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். இந்தப் பிள்ளையின் வலது காலில் பக்கிள் உள்பக்கம் நிற்கிறது. பந்து அதில் பட்டால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதத்தில் வலியும் தெறிக்கும். முகத்தைத் திருப்பாமல் என்ன செய்வாள்?

இன்னும் சிலவற்றைப் பார்த்தேன். பேட் அவளுக்குப் பெரிது. முட்டி வர வேண்டிய மடிப்பு தொடைக்கு ஏறிவிட்டது. ஹெல்மெட்டின் கம்பி வலது கண்ணுக்கு நேரே உள்வாங்கியிருக்கிறது. தொண்டைக் காப்பு இல்லவே இல்லை.

தொண்டைக் காப்பை மட்டும் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம். ஷார்ட் கார்னரில் (தடுக்கும் அணி தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) முதல் அடி 460 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது கோலின் அடிப்பலகை உயரத்துக்கு மேல் போனால் கோல் கிடையாது. எனவே அவ்வளவு உயரத்துக்குப் பந்து வராது.

மே 10

கயத்தாற்றிலிருந்து ஒரு நண்பர் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வதே சரி. என் பிழை சிறிய பிழை இல்லை, ஒரு பிள்ளையின் தொண்டை சம்பந்தப்பட்டது. அதனால் தெளிவாக எழுதுகிறேன்.

460 மில்லிமீட்டர் கட்டுப்பாடு மட்டையை வீசி அடிக்கும் முதல் அடிக்கு மட்டும்தான். தள்ளினாலோ, ஃபிளிக் செய்தாலோ, அதாவது மட்டையால் தூக்கிச் சுண்டினாலோ, எந்த உயரத்திலும் கோல் உண்டு. பந்தை மட்டையோடு இழுத்துவந்து சுண்டும் டிராக் ஃபிளிக் பிறந்ததே அந்த இடைவெளியில்தான். பந்தின் எடை 156 முதல் 163 கிராம், கல்லைப் போன்ற கடினம். பெரியவர்கள் ஆட்டத்தில் அது மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வருகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் டிராக் ஃபிளிக்கைப் பார்த்துப் பழகத் தொடங்கிவிட்டார்கள். தடுப்பாட்டக்காரரின் மட்டையில் பட்டு எகிறும் பந்து இன்னொரு ஆபத்து. அதற்கு எந்த விதியும் இல்லை.

விதிப்படி முழுக் கவசக் கோல்கீப்பருக்குக் கட்டாயமானவை தலைக்கவசம், கால் பேட், கிக்கர் மூன்றும்தான். பள்ளிகள் அந்த மூன்றோடு நின்றுவிடுவதற்கு அதுவே காரணம். தொண்டைக் காப்பு விலையில் மிகச் சிறியது. அதை நாளைக்கே வாங்குங்கள். அது வரும்வரை அவள் கோலில் நிற்க வேண்டாம்.

மே 10, மாலை

ஹெல்மெட் கம்பியைச் சுத்தியலால் தட்டி நேராக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஒருமுறை வளைந்த கம்பி அந்த இடத்தில் பலம் இழந்துவிட்டது. கம்பியை மட்டும் தனியாக மாற்றலாம். மாற்றும்போது திருகாணிகளை எல்லாம் கழற்றி மாட்டுங்கள். ஓடு பாலிகார்பனேட் என்றால் தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஓடி ஓடு நொறுங்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். பள்ளியின் பெயரைப் பெயின்ட்டால் எழுதுவதும் அப்படித்தான், ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

மே 14

பழைய பேட்டையும் புதிய பேட்டையும் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இது எனக்குப் பிடித்த பேச்சு, கொஞ்சம் நீளும்.

பிரம்பு பேட்டில் பந்து பட்டால் காலடியில் சுருண்டு விழும். உடனே காலால் எற்றிவிட வேண்டும், இல்லையென்றால் எதிரணிக்காரர் வந்துவிடுவார். அன்றைய கோல்கீப்பிங்கில் பாதி வேலை அந்த இரண்டாவது உதைதான். நுரைப் பேட் வந்தபிறகு பந்து பட்ட வேகத்திலேயே பத்து அடி தள்ளிப் போய் விழுகிறது. இப்போது கோல்கீப்பர் பந்தை நிறுத்துவதில்லை, காலைக் கோணம் வைத்து ஓரத்துக்குத் திருப்பிவிடுகிறார்.

ஆகவே நுரை செத்துவிட்டால் பேட்டும் செத்தது. வெளியே ரெக்ஸின் பளபளவென்று இருக்கும், உள்ளே நுரை நசுங்கிப் போயிருக்கும். பந்து பட்டு அங்கேயே விழும். பிள்ளையோ பந்து தள்ளிப் போய்விடும் என்று நம்பிக் காலை எடுத்துவிடுவாள். கோல். வீட்டிலேயே சோதிக்கலாம்: பேட்டைத் தரையில் படுக்கவைத்து, நின்ற இடத்திலிருந்து பந்தை விடுங்கள். நடுவிலும் ஓரத்திலும் ஒரே உயரத்துக்கு எழும்புகிறதா பாருங்கள். நடுவில் மட்டும் தாழ்ந்தால் அதன் ஆயுள் முடியப்போகிறது.

ஓர் ஊர்க்காரர் 'சங்கர் லட்சுமணன் என்ன பேட் போட்டார், அவருக்குப் பயம் இருந்ததா' என்று கேட்கிறார். 1956, 1960, 1964 மூன்று ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காகக் கோலில் நின்றவர் அவர். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அணித்தலைவராகத் தங்கம் வாங்கித் தந்தார். அந்தக் காலத்துப் பேட்டோடு அவர் நின்றது பெரும் சாதனை. அதைச் சொல்லி இன்றைய பிள்ளையைக் கவசம் இல்லாமல் நிறுத்த நாம் யார்?

மே 15

வாடகைக்குக் கிட் கிடைக்குமா என்ற கேள்விக்கு: எனக்குத் தெரிந்து இங்கே இல்லை. ஜலந்தர், மீரட் சரக்கை வரவழைத்துத் தரும் கடைகளில் பழைய செட் சில நேரம் கிடைக்கும். வாங்குமுன் மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள்.

மே 21

அக்னி நட்சத்திரம் நடக்கிறது. இந்த வெயிலில் ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் செய்கிற ஒன்று, நனைந்த கிட்டை மொட்டைமாடியில் விரித்துவிடுவது. தகரக் கூரை அறையில் பூட்டுவது அதைவிட மோசம். இரண்டும் நுரைக்கு எமன். இதை நான் கற்றுக்கொண்ட விலை பெரிது.

2023 டிசம்பர் 17, ஞாயிறு. தாமிரபரணி சிந்துபூந்துறைக்குள் வந்த நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை என்று பிறகு படித்தோம். எங்கள் கடைக்குள் மேசை முழுகும் அளவுக்குத் தண்ணீர். தைப்பதற்காக இரண்டு பள்ளிகள் கொடுத்திருந்த கிட் உள்ளே இருந்தது. என் சொந்தப் பேட்டும் இருந்தது, 1988இல் வாங்கிய நுரைப் பேட்.

மூன்றாம் நாள் ஷட்டரைத் தூக்கியபோது எல்லாவற்றின்மேலும் ஒரு விரல்கடை வண்டல். கரிசல் சேறு காய்ந்தால் பாளம் பாளமாக உதிர்ந்துவிடும். ஆற்று வண்டல் அப்படி இல்லை. மாவுபோல நயமாக இருந்து தையல் துளைக்குள் எல்லாம் இறங்கிவிடுகிறது. தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு தையலாகத் தேய்த்தேன். வார்களைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன். பேட்டின் நுரை தண்ணீரைக் குடிப்பதில்லை. குடிப்பது உள்ளே ஒட்டிய துணி. அந்தத் துணியை மூன்று நாள் பிழிந்தும் பழுப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

பள்ளிகளின் கிட்டைக் கொடியில் நிழலில் தொங்கவிட்டேன். அவசரத்தில் என் பேட்டை மட்டும் வெயிலில் வைத்தேன். டிசம்பர் வெயில்தானே என்று நினைத்துவிட்டேன். இரண்டாம் நாள் மாலை இடது பேட்டின் அடிவிளிம்பு அப்பளம்போல வெளியே சுருண்டிருந்தது. சூடான வெந்நீர் ஒத்தடம், பலகைமேல் கல் ஏற்றிவைத்தது, எதற்கும் அது மடங்கவில்லை. கிக்கரின்மேல் ஒட்டி உட்கார வேண்டிய விளிம்பு அது. இப்போது அங்கே இரண்டு விரல் நுழையும் இடைவெளி. முப்பத்தைந்து ஆண்டு கூட இருந்ததை இரண்டு நாள் வெயிலில் தொலைத்தேன். இன்றைக்கும் அதை எடுத்துப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

நிழலில் வைத்த பள்ளிக் கிட் இரண்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன.

மே 22

நேற்று கதை சொல்லி முறையைச் சொல்லாமல் விட்டேன். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். சாப்பாடு அதற்குப் பிறகுதான். ஃபேனுக்குக் கீழே நிறுத்திவையுங்கள். படுக்கவைத்தால் அடிப்பக்கம் காயாது. கையுறைக்குள்ளும் ஹெல்மெட்டுக்குள்ளும் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள், படுக்கப்போகுமுன் ஒருமுறை மாற்றுங்கள். செயற்கைப் புல்தளத்தில் ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளிப்பதால் கோவில்பட்டி கிருஷ்ணா நகர் மைதானத்தில் ஆடிவந்த கிக்கர் மண் தரையில் ஆடியதைவிட அதிகம் நனைந்திருக்கும். நாற்றத்துக்கு வேப்பிலை போடலாமா என்கிறார்கள். போடுங்கள், ஆனால் காய்ந்த கிட்டில் போடுங்கள். ஈரக் கிட்டில் வேப்பிலையும் அழுகும்.

கிக்கரின் அடி வார்தான் முதலில் போகும், பாதத்துக்குக் கீழே தேய்ந்துகொண்டே இருப்பதால். மாதம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பாதி தேய்ந்ததும் மாற்றுங்கள். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் போதும். மெழுகு தேய்த்த நைலான் நூலில், குத்தூசியால், இரட்டைத் தையல் என்று சொல்லிவிடுங்கள். பசை மட்டும் ஒட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஜூன் 2

கேட்டவரின் மைத்துனர் கனடாவில் இருக்கிறாராம். அங்கே பனி ஹாக்கிக் கோல்கீப்பர் செட் பழையது மலிவாகக் கிடைக்கிறது, அனுப்பவா என்கிறாராம்.

அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். அகலத்தில் விதி இடிக்காது. நமக்கு 300 மில்லிமீட்டர் வரை அனுமதி, அவர்களுடையது 11 அங்குலம், அதாவது சுமார் 280. ஆனால் அந்தப் பேட் வேறு வேலைக்குச் செய்தது. அவர்கள் இரண்டு முட்டியையும் பனியில் போட்டு, கால்களை இருபக்கமும் விரித்து, பேட்டின் உள்முகத்தால் தரையை அடைக்கிறார்கள். காலில் ஸ்கேட் என்பதால் கிக்கரே கிடையாது. நம் பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு ஓடவும் முடியாது, உதைக்கவும் முடியாது. அவர்களின் இடது கையுறை அவர்கள் அடிக்கும் ரப்பர் வட்டைப் பிடிக்கும் வலைக்கூடை போன்றது. நம் ஆட்டத்தில் பிடித்து வைத்துக்கொண்டால் தவறு, தட்டிவிடத்தான் உரிமை.

கோலையும் அளந்து பாருங்கள். அவர்களுடையது 1.83 மீட்டர் அகலம், 1.22 மீட்டர் உயரம். நம்முடையது 3.66 அகலம், 2.14 உயரம். பரப்பில் மூன்றரை மடங்கு. அவர்கள் உடம்பால் கோலை மறைக்கலாம். நாம் நகர்ந்தால்தான் உண்டு. 170 கிராம் ரப்பர் வட்டு அவ்வளவு பக்கத்திலிருந்து வருவதால் அந்தக் கனம் அவர்களுக்குத் தேவை.

ஆனால் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மான்ட்ரியல் அணியின் கோல்கீப்பர் ஜாக் பிளான்ட் பயிற்சியில் முகமூடி அணிவார். ஆட்டத்தில் அணியப் பயிற்சியாளர் சம்மதிக்கவில்லை. 1959 நவம்பர் 1, நியூயார்க்கில் ஆட்டம். ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு பிளான்ட்டின் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டு, முகமூடி இல்லாமல் இறங்கமாட்டேன் என்று சொல்லி, அணிந்துகொண்டே திரும்பி வந்து அந்த ஆட்டத்தை ஜெயித்தார். இன்று முகமூடி இல்லாத பனி ஹாக்கிக் கோல்கீப்பரைப் பார்க்க முடியுமா? மே 6இல் நான் எழுதிய முதல் பதிலைப் படித்தால் அந்தப் பயிற்சியாளரின் குரல்தான் கேட்கிறது.

ஜூன் 3

லடாக்கில் உறைந்த குளத்தில் பனி ஹாக்கி ஆடுகிறார்கள், பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டவருக்கு: தொலைக்காட்சியில் மட்டும். அந்தக் குளிரில் கிட் எப்படிக் காயும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

ஜூலை 23

இந்திய அணியின் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் பாரிஸ் ஒலிம்பிக்கோடு ஓய்வு என்று அறிவித்துவிட்டார். மனம் கனத்துப்போயிற்று.

அவருக்கு முதல் கிட் வாங்க அப்பா பசுமாட்டை விற்றார் என்பது ஊரறிந்த செய்தி. கேட்டவர் அதைச் சுட்டிக்காட்டி, 'நானும் ஏதாவது விற்க வேண்டுமா அண்ணாச்சி' என்று எழுதியிருக்கிறார். வேண்டாம். முழு செட்டை ஒரேயடியாக வாங்கத் தேவையில்லை. தொண்டைக் காப்பு வாங்கிவிட்டீர்கள். அடுத்து கிக்கர் ஒரு ஜோடி, அவள் அளவுக்கு. பிறகு ஹெல்மெட். பேட்டைக் கடைசியில் வாங்குங்கள், வளர்கிற பிள்ளை. நெஞ்சுக் காப்பைப் பள்ளியில் உள்ளதையே சரிசெய்யலாம். என்னிடம் கொடுத்துவிடுங்கள், பெண் பிள்ளைக்கு ஏற்றபடி உள்பக்கம் திண்டு வைத்துத் தருகிறேன்.

ஆகஸ்ட் 5

பாரிஸில் நேற்றைய பிரிட்டன் ஆட்டம் பார்த்தீர்களா? நம் தடுப்பாட்டக்காரர் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்தே பேர். 1-1. ஒருவர் தனியாகக் கோல்கீப்பரை எதிர்கொள்ளும் ஷூட் அவுட்டில் 4-2 என்று ஜெயித்தோம்.

ஷூட் அவுட்டில் கோல்கீப்பர்கள் கவனிக்க வேண்டியது நேரம். 23 மீட்டர் கோட்டிலிருந்து வருபவருக்கு 8 விநாடிதான். கோல்கீப்பர் முந்திப் படுத்துவிட்டால் முடிந்தது. ஸ்ரீஜேஷ் காலில் நின்றுகொண்டே எதிராளியை ஓரத்துக்கு ஒதுக்குகிறார். அவ்வளவு கனத்தையும் கட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தபோது அவருடைய பேட் ஓரங்குலம்கூடச் சுழலவில்லை. நான் கடை டிவியில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 9

ஸ்பெயினை 2-1 என்று ஜெயித்து வெண்கலம். டோக்கியோவில் ஜெர்மனியோடு 5-4 ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் ஷார்ட் கார்னரைத் தடுத்த ஸ்ரீஜேஷ், இந்த முறையும் கடைசிவரை நின்று கொடுத்துவிட்டுப் போகிறார். நேற்று மாலை கடையில் ஒரு தையலும் ஓடவில்லை.

ஆகஸ்ட் 18

கேட்டவரும் மகளும் இன்று கடைக்கு வந்திருந்தார்கள். புதிய கிக்கரைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். வார் நீளமாகத் தொங்கியது. ஆட்டத்தில் காலுக்குள் மாட்டும் என்பதால் வெட்டி, நுனியைத் தீக்குச்சியில் காட்டி உருக்கிவிட்டேன். கடையின் பின்பக்கச் சந்தில் அவளை நிற்கவைத்து, முதலில் டென்னிஸ் பந்து, பிறகு ஹாக்கி பந்து, தள்ளித் தள்ளிக் கொடுத்தேன். முப்பது பந்து இருக்கும். இரண்டு முறை தலை திரும்பியது. இரண்டும் வலது பக்கம் இடுப்புயரத்தில் வந்த பந்து. நெஞ்சுக் காப்பின் வலது ஓரத்தை அழுத்திப் பார்த்தேன், அந்த இடத்தில் நுரை இரண்டாகப் பிளந்திருக்கிறது.

அதை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். புதன்கிழமை தயாராகிவிடும். சனிக்கிழமை ஆட்டமாம்.